பதினோரு பேரும் ஒன்றையே சொன்னார்கள்

ஐந்து நட்சத்திரம், பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, இன்னும் பிரிக்கவில்லை, தங்கை மகன் பிறந்தநாளுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். இப்படி ஒருவன் எழுதி, ஊரே படிக்கும் இடத்தில் போட்டிருக்கிறான். அது தங்களுக்குப் பயன்பட்டது என்று முப்பத்தெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். பிரிக்காத பெட்டிக்குள் படுத்திருக்கும் பேஸ் கிதாருக்கு ஐந்துக்கு ஐந்து. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த முப்பத்து நான்கு ஆண்டுகளில், தேர்வுக்கு வராத மாணவிக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. சபை மண்டபத்தின் சுவர்க் கடிகாரம் நான்கு பத்து என்கிறது. ஐந்து மணிக்குப் பாடகர் குழுவின் கமிட்டி கூடும். அதற்குமுன் நான் செய்து முடிக்கவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே ஐம்பது நிமிடம் முந்தி வந்து, மண்டபச் சாவியைக் கோயிலைத் திறந்து பெருக்கும் கோயில்குட்டியிடம் கேட்டு வாங்கித் திறந்து, பாடகர் அங்கிகள் தொங்கும் அலமாரியின் அந்துருண்டை வாசனையில் உட்கார்ந்திருக்கிறேன். காரியத்துக்கு வேண்டிய இரண்டு எஃகு அளவுகோல்கள் கைப்பையில் இருக்கின்றன. கருவி எதிர் நாற்காலியில் கறுப்பு உறையோடு சாய்ந்திருக்கிறது. நானோ கைபேசியை எடுத்து மறுபடியும் மதிப்புரைகளைப் படிக்கிறேன். இரண்டு நட்சத்திரம், கொரியர்காரர் மரியாதையாகப் பேசினார், ஆனால் மூன்றாம் மாடிக்கு ஏறி வரவில்லை. கொரியர்காரரின் முழங்காலுக்கும் கிதாருக்கும் என்ன உறவு? ஒரு நட்சத்திரம், ஆறு கம்பி இருக்கும் என்று நம்பி வாங்கினேன், நான்குதான் இருக்கிறது, இரண்டு கம்பியைக் குறைத்து ஏமாற்றிவிட்டார்கள். பேஸ் கிதாருக்கு நான்கு தந்திதான் என்று அவனுக்குச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. ஒரு நட்சத்திரம்; வாங்கவில்லை, இதை வாசித்துக் காட்டும் வீடியோவை என் ஃபோனில் பார்த்தேன், சத்தமே இல்லை. ஒரு ரூபாய்க் காசு அகலத்து ஒலிபெருக்கி, நொடிக்கு நாற்பத்தொரு அதிர்வை எப்படித் தரும்? கேட்கமுடியாத காது கருவியைக் குற்றம் சொல்கிறது. இவர்கள் எல்லோர்மேலும் எனக்குக் கோபம். கோபம் இவர்கள்மேல் மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் அளவுகோலை வெளியே எடுத்திருப்பேன்.

மழை பிடித்துவிட்டது, போர்ட்டிகோவின் தகரத்தில் விழுகிறது. ஜூன் மாதத்தில் இதே மண்டபத்தில் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, சபையார் ஒருவர் தம் மனைவியின் நினைவாகப் பாடகர் குழுவுக்குப் புதிய பேஸ் கிதார் வாங்கித் தர முன்வந்திருப்பதாகச் செயலாளர் காபிரியேல் துரைப்பாண்டி அறிவித்தார். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. ஒன்பது ஆண்டுகளாக நம் குழுவில் பேஸ் வாசிக்கிறவள் பொன்செல்வி. வண்ணார்பேட்டையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். அவள் மதுரைக்குப் போய்க் கடையில் நான்கைந்தை மடியில் வைத்து வாசித்துப் பார்த்து வாங்கலாம் என்றாள். எனக்கு அது முறையான வழியாகப் படவில்லை. ஒருத்தி, ஒரு பகல், நான்கைந்து கருவி; அது ஒரு மாதிரியெடுப்பாகுமா? இணையத்தில் ஒரே கருவியைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டையும் அச்செடுத்தேன். மேசையில் அடுக்கி, சிவப்புப் பேனா எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, இரண்டு வாரம் திருத்தினேன். பெட்டி பிரிக்காதவர்களுக்குச் சுழி. கொரியர்காரரை வருணித்தவர்களுக்குச் சுழி. மிச்சம் தேறியவை எழுபத்து நான்கு. அவற்றில் அறுபத்து மூன்று கருவியைப் புகழ்ந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் இருந்தது. ஒருவர் தம் கல்யாணக் கச்சேரிகளைச் சொன்னார்; ஒருவர் கோவைக் குளிரைச் சொன்னார்; ஒருவர் தம் சுண்டுவிரல் குட்டையென்றும் இந்தக் கருவியின் கழுத்து அதற்கு வாகாக இருக்கிறதென்றும் சொன்னார். மரம் பதமாக உலர்ந்தது, ஐந்து ஆண்டாக வாசிக்கிறேன், இம்மிகூட அசையவில்லை என்று எழுதியவருக்கு நான் ஒன்பது போட்டேன். ஒன்பது. அந்தக் கருவி விற்பனைக்கு வந்தே பதினான்கு மாதம்தான் ஆகிறது என்பது அந்தப் பக்கத்திலேயே, கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கிறது. நேற்றுத்தான் பார்த்தேன். ஐந்து மாதமாக அந்த எழுத்து அங்கேயே இருந்திருக்கிறது.

மீதிப் பதினொன்று. அந்தப் பதினோரு பேரும் ஒன்றையே சொன்னார்கள். மூன்று மாதத்தில் கழுத்து முறுகிவிட்டது, நாலாவது கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் இரைகிறது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஃபிரெட் என்று பெயர் என்பதைக்கூட நான் அப்போதுதான் அறிந்தேன். ஒருவர் இரைகிறது என்றார், இன்னொருவர் கரகரக்கிறது என்றார், அவ்வளவுதான் வேறுபாடு. அதே தந்தி, அதே ஃபிரெட், அதே மூன்று மாதம். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நன்றாக நினைவிருக்கிறது, கன்னத்தில் அது இருந்த இடம்கூட. மத்திய மதிப்பீட்டு முகாம்களில் என்னைக் காப்பி பிடிப்பவள் என்பார்கள். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக வரலாம். தவறு ஒன்றாக வந்தால் ஒருத்தியிடமிருந்து பத்துப் பேர் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இது நான் வகுத்த விதி. இளைய ஆசிரியைகள் இதைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆகவே பதினொன்றுக்கும் சுழி போட்டு, ஓரத்தில் 'போட்டி நிறுவனத்தின் வேலை, ஒரே கை' என்று எழுதி, கமிட்டியில் எழுந்து நின்று என் அட்டவணையை வாசித்தேன். பொன்செல்வி கடைசி வரிசையில், வேலை முடிந்து வந்த கையில் வார்னிஷ் கறையோடு, உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்காமலே சொன்னாள்: "மேடம், நாங் காயில் கட்டுதவ. கம்பிய இழுத்துக் கட்டுனா அது கட்டையத் திருப்பத்தான் பாக்கும். மரம் பச்சையா இருந்தா முறுகிரும். அந்தப் பதினோரு பேரும் ஒரே எடத்தச் சொல்லுதாவ பாருங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு." நான் சிரித்துக்கொண்டே, "ஒரே எடத்தைச் சொல்றதனாலதாம்மா அது காப்பி. முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவ நான்" என்றேன். மண்டபம் சிரித்தது. துரைப்பாண்டி, மேடத்துகிட்டயே பிட்டா என்று எடுத்துக்கொடுத்தார், இன்னொரு அலை சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே செய்தி. முடிவு மட்டும் வேறு. ஒரே இடத்தைச் சொல்கிறார்கள், அதனால் பயப்படு என்றாள் அவள். அதனால் நம்பாதே என்றேன் நான். யாருடைய தருக்கம் சரி என்று பார்க்க அன்றைக்கு எவரும் இல்லை, ஏனென்றால் தருக்கம் என்னுடைய துறை என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

நான்கு இருபத்தைந்து. ஆகஸ்டில் கருவி வந்தது. செப்டம்பரில் இனிமையாக இருந்தது. பேஸ் ஒலி காதால் கேட்பதைவிட உள்ளங்காலால் உணர்வது, பலகைத் தளத்தின் வழியாக ஏறி வருவது. அக்டோபர் மழையில் ஏதோ நேர்ந்தது. போன ஞாயிறு ஆராதனையில், காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில், பாட்டு ஜி சுருதிக்கு இறங்கும் இடத்தில், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஓர் ஒலி வந்தது. ஜி என்றால் நாலாவது தந்தி, மூன்றாவது ஃபிரெட். நம் பாட்டுகளில் பாதி அங்கேதான் வந்து நிற்கும். அடுத்த அடியிலும் வந்தது, அதற்கடுத்ததிலும். முன்வரிசையில் தலைகள் திரும்பின. பொன்செல்வியின் முகம் கறுத்தது. அந்த ஒலியைத் தவிர்க்க ஒரு ஸ்தாயி மேலே தாவித் தாவி வேறு தந்தியில் வாசித்தாள், தாவியதில் தாளம் இரண்டிடத்தில் பிசகியது. ஆராதனை முடிந்ததும் துரைப்பாண்டி வாசலில் வைத்தே, எல்லோர் காதும் கேட்க, மோட்டார் சுத்துத கை, பாட்டுக்குத் தோதுப்படல போலுக்கு என்றார். பெண்பிள்ளை விரலில் அழுத்தம் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், வயது ஏறுகிறது என்று ஒருவர் சொன்னார், அவளுக்கு முப்பத்தைந்துதான். பக்கத்துச் சேகரத்துச் சபையில் நன்றாக வாசிக்கிற ஒருவரைக் கிறிஸ்துமஸ் கேரலுக்கு அழைத்துவிடலாம், அப்படியே நிரந்தரமாக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. இன்றைக்கு ஐந்து மணிக்கு எடுக்கப்போகும் முடிவு அதுதான். பொன்செல்வி மட்டும் மெதுவாக, கை இல்லண்ணே, கழுத்து முறுகிட்டு என்றாள். துரைப்பாண்டி என்னைப் பார்த்தார். கருவியில் கோளாறு இருக்குமா மேடம் என்று கேட்டார், கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல்: கருவியில் குறையிருக்க வாய்ப்பில்லை, நான் இருநூற்றுப் பன்னிரண்டையும் படித்திருக்கிறேன். அவளைப் பார்க்காமல் சொன்னேன். குடையை விரித்துக்கொண்டு சொன்னேன்.

படித்திருக்கிறேன். கருவி ஐந்தடி தூரத்தில் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாளில் இருப்பதுதான் எனக்கு மெய். இப்போதும் உறையைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், தங்கை மகனின் பிறந்தநாளுக்கு எடுத்து வைத்தவனைப்போல. கோபத்தை அவன்மேல் திருப்ப முயல்கிறேன், போகிறது, திரும்பிவிடுகிறது. கூலிக்கு எழுதிய அந்த அறுபத்து மூன்று பேர்மேல் திருப்புகிறேன். சுண்டுவிரல் குட்டையாம். எந்த அறையில் உட்கார்ந்து எந்தச் சுண்டுவிரலைக் கண்டுபிடித்தானோ. கோவைக் குளிராம். இத்தனை விதமாக, இத்தனை நயமாக, தனித்தனிக் குரலில் எழுதினால்தான் என்னைப்போன்றவள் நம்புவாள் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது பழைய வித்தை, எனக்கு அது தெரியும், எங்கேயோ பார்த்திருக்கிறேன். பத்தொன்பது விடை, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. இதோ, இந்த இடத்தில்தான் ஞாயிறு முதல் என் மனம் கால் தடுக்கி நிற்கிறது, இந்த இடம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன், அல்லது செய்தித்தாளை விரிக்கிறேன். துருப்பிடித்த ஓர் இரும்பு, அதன் இரண்டு முனைகள் மட்டும் பளபளப்பாக. மண்டபத்தில் தண்ணீர் இல்லை. மழையில் வெளியே போக முடியாது. சரி, நிற்கட்டும்.

முப்பத்தொரு ஆண்டுக்கு முந்தைய செய்முறைத் தேர்வு அது. தெற்கே ஒரு சிறிய ஊரின் பெண்கள் கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். சுரமானியில் தந்தியை இழுத்துக் கட்டி, இசைக்கவையைத் தட்டி, கவையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு நாட்கள், முப்பது மாணவிகள், கருவி ஒன்றே, கவையும் ஒன்றே. கவையின் தண்டில் 320 என்று பொறித்திருந்தது. பத்தொன்பது பேருக்கு 318, 321, 319.5 என்று வந்தது. ஒவ்வொருத்திக்கும் சிறிய, இயல்பான, தனித்தனியான பிழை. அழகான விடைத்தாள்கள். பதினோரு பேருக்கு மட்டும் 340, 341, 341, 342. பதினோரு பேர் ஒரே தவற்றை எப்படிச் செய்வார்கள்? விதி என் கையில் இருந்தது. பதினோரு தாளையும் தனியே கட்டி, முறைகேடு என்று அறிக்கை எழுதி, அரக்கு வைத்தேன். தேர்வு அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர்களுக்குத் தேர்வு முடிவு வரவில்லை, அடுத்த இரண்டு முறை எழுதவும் தடை. கடைசி நாள் மாலை நான் புறப்படும்போது அவர்களில் ஒருத்தி ஆய்வக வாசலில் நின்றாள். பெயர் எனக்குத் தெரியாது. தேர்வாளருக்குப் பெயர் தெரியக்கூடாது. பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு. அழவில்லை, கெஞ்சவில்லை. "மேடம், அந்தக் கவைய நீங்களே ஒரு தடவ தட்டிப் பாருங்க" என்றாள். பரீட்சை உனக்கா எனக்கா என்று கேட்டேன். அதைக் கேட்டு ஆய்வக உதவியாளர் சிரித்தார். என் பின்னால் எப்போதும் யாராவது சிரித்திருக்கிறார்கள். அப்போது கவை மேசையில் ரப்பர் துண்டின்மேல் கிடந்தது. கை நீட்டினால் எட்டும். உடம்பெல்லாம் துரு, இரண்டு கைகளின் நுனி மட்டும் புதிய எஃகாக மின்னியது. அதைப் பார்த்தேன். பார்த்தது இன்றுவரை கண்ணில் இருக்கிறதென்றால் நன்றாகவே பார்த்திருக்கிறேன். தேர்வுக்குமுன் துருவைச் சுத்தம் செய்யச் சொல்லியிருப்பார்கள், உதவியாளர் நுனியில் அரம் வைத்து ராவியிருப்பார். கவையின் கை குட்டையானால் அதிர்வெண் ஏறும். நான்கு மில்லிமீட்டர் போதும், முந்நூற்றிருபது முந்நூற்று நாற்பத்தொன்றாக. இது நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடம். பதினோரு பேர் கவை சொன்னதை எழுதினார்கள். பத்தொன்பது பேர் தண்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளைப் பின்னாலிருந்து கட்டி, நம்பும்படியாகக் கொஞ்சம் கொஞ்சம் பிழையும் சேர்த்து, ஆளுக்கொரு குரலில் எழுதினார்கள். அவர்களுக்கு நான் தாராளமாக மதிப்பெண் போட்டேன். கையெழுத்து அழகாக இருந்தவளுக்கு ஒன்றிரண்டு கூடவே.

நான்கு நாற்பது. இது உறுதி இல்லை, ஊகம், என்று ஒரு குரல் சொல்கிறது. கவை இன்று எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகியதோ, நிரூபிக்க வழியில்லை என்று அது வாதாடுகிறது. அந்தக் குரலும் படித்தது, நன்றாகப் பேசும். அதை வாயடைக்க ஒரே வழிதான் உண்டு. எழுந்தேன். உறையின் ஜிப்பை இழுத்தேன். கருவி நினைத்ததைவிடக் கனம். பொன்செல்வி இதைத் தோளில் ஏந்தி ஒன்றரை மணி நேரம் நிற்கிறாள் என்பது என் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. மேசையில் கிடத்தினேன். மெல்லிய அளவுகோல் ஒன்றைத் தந்திகளுக்கு அடியில் கடைசி ஃபிரெட்டின்மேல் குறுக்கே நுழைத்தேன், எளிதாகப் போயிற்று. இன்னொன்றை மூன்றாவது ஃபிரெட்டில் நுழைத்தேன். மூன்று தந்திகளுக்கு அடியில் போனது. நாலாவதிடம் வந்ததும் நுழைய மறுத்தது. தந்தியை விரலால் தூக்கி நுழைக்கவேண்டியதாயிற்று. பிறகு மண்டியிட்டேன். மூட்டு இரண்டும் புகார் சொல்லின, சொல்லட்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கழுத்தின் நுனியில் கண்ணை வைத்து, இரண்டு அளவுகோல்களின் விளிம்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். கழுத்து நேராக இருந்தால் இரண்டு விளிம்பும் ஒரே கோடாகப் படியும். படியவில்லை. பருத்த நாலாவது தந்தியின் பக்கம் முன்னது மேலே எழுந்து நின்றது, சரியாக மாட்டாத சன்னல் கதவுபோல. அளவுகோல்களை உருவிவிட்டுத் தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தித் தட்டினேன். இயன்றமட்டும் அழுத்தினேன், விரல் நுனியில் பள்ளம் விழுந்தது. இரைந்தது. பெண்பிள்ளை விரல் அல்ல, வயது அல்ல, மோட்டார் அல்ல. இந்த ஆராய்ச்சிக்கு எனக்கு ஆன நேரம் ஆறு நிமிடம்.

கைபேசியை எடுத்தேன். மதிப்புரை எழுதுக என்ற பொத்தானை அழுத்தினேன். வாழ்நாளெல்லாம் மற்றவர் எழுதியதைத் திருத்தியவள், இந்த இடத்தில் ஒரு வரியும் எழுதியதில்லை. மூன்று மாதத்தில் கழுத்து முறுகிவிட்டது. நாலாவது கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் இரைகிறது. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் பதினோரு பேரும் எழுதிய அதே இரண்டு வாக்கியம். வேறு மாதிரி எழுத முயன்றேன். எந்தச் சொல்லை மாற்றினாலும் உண்மை ஓர் அங்குலம் நகர்ந்தது. அப்படியே அனுப்பினேன். சக்கரம் ஒன்று சுற்றியது. உங்கள் மதிப்புரை ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் பெரிதும் ஒத்திருப்பதால் வெளியிட இயலவில்லை, தயவுசெய்து உங்கள் சொந்த அனுபவத்தை எழுதவும். இரண்டாம் முறையும் அனுப்பினேன், அதே பதில், அதே தயவுசெய்து. காப்பி. என்னை, முனைவர் சுகிர்தம் ஆபிரகாமை, ஓர் இயந்திரம் காப்பி என்று பிடித்துக் கட்டி அரக்கு வைக்கிறது. அதற்கு என் விதியை யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளும்படி எழுத எனக்குத் தெரியும். மழையைப் பற்றி ஒரு வரி, கருவி வாங்கித் தந்தவரின் மறைந்த மனைவியைப் பற்றி ஒரு வரி, உள்ளங்காலில் ஏறும் ஒலியைப் பற்றி ஒரு வரி. இயந்திரம் மயங்கிவிடும், நான் மயங்கியதுபோல. பத்தொன்பது பேரும் அதைத்தான் செய்தார்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பொன்செல்வி வந்தாள். குடையை வெளியே உதறிச் சாய்த்துவிட்டு, மேசையில் கிடந்த கருவியைப் பார்த்தாள், பக்கத்தில் இரண்டு அளவுகோல்களைப் பார்த்தாள், என் சேலையில் முழங்கால் பட்ட இடத்துத் தூசியைப் பார்த்தாள். "நீங்களே பாத்திட்டீங்களா மேடம்" என்றாள். குரலில் வெற்றி இல்லை. அதுவும் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பார்த்துவிட்டேன் என்றேன். நீ சொன்னதுதான் என்றேன். அவள் கருவியைத் தூக்கி ஒலிபெருக்கியில் செருகிச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள்; இன்று அவளை நீக்கப்போகிறார்கள் என்று அறிந்தும் வேலைக் கடையிலிருந்து நேராகச் சுருதி சேர்க்க வந்திருக்கிறாள். ஐந்து மணிக்குத் துரைப்பாண்டியும் மற்ற ஐவரும் நனைந்த செருப்போடு வந்து உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. துரைப்பாண்டி மினிட் புத்தகத்தை விரித்து, பேஸ் வாசிப்பவரை மாற்றுவது பொருளாக என்று எழுதத் தொடங்கினார். நிறுத்துங்கள் என்றேன். முதலில் கேளுங்கள் என்றேன். பொன்செல்வியிடம் நாலாவது தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தச் சொன்னேன். இரைந்தது. துரைப்பாண்டியையே அழைத்து, அவருடைய விரலால் அழுத்தச் சொன்னேன். கான்கிரீட் போடுகிறவர்களை மேய்க்கிற பருத்த விரல். இரைந்தது. பிறகு அளவுகோல்களை நுழைத்து ஒவ்வொருவராக மண்டியிட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே துரைப்பாண்டி என் முகத்தைப் பார்த்தார்; அவர் கெட்ட மனிதர் அல்ல, மரியாதை தெரிந்தவர், அதுதான் சிக்கல். கருவியில் ஏதோ சிறு கோளாறு என்று பொதுவாக எழுதிவிடலாம், மேடத்தின் பெயர் எதற்கு, பொன்செல்வியே தொடரட்டும் என்றார். பொன்செல்வியும் தலையை ஆட்டினாள். எல்லோருக்கும் அது போதும். பொதுவாக என்ற சொல் மண்டபத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப்போலக் கிடந்தது, உட்கார்ந்துவிடலாம். "பொதுவா இல்ல. புத்தகத்தை இங்க கொடுங்க" என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கினேன். பதினோரு பேர் எழுதிய அதே இரண்டு வாக்கியத்தை எழுதினேன். அதன் கீழே, இதை ஜூன் மாதத்திலேயே பொன்செல்வி சொன்னார், கருவியைத் தொட்டுப் பாராமல் நான் மறுத்தேன், ஞாயிற்றுக்கிழமை அவர்மேல் பழி விழுந்தபோதும் கருவியைத் தொட்டுப் பாராமலே அதை உறுதி செய்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். துரைப்பாண்டி எட்டிப் பார்த்து, "இது அந்தப் பதினோரு பேரு எழுதுனதுல்லா மேடம்" என்றார். "ஆமா, அதேதான்" என்றேன். அவர் புத்தகத்தை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இந்தச் சபையின் புத்தகத்தில் இந்த விடை ஏறிவிட்டது. நான் காப்பி என்று தள்ளிய இரண்டு பதினொன்றில் ஒன்றைத் திருத்தியாயிற்று. என் கையெழுத்துக்குக் கீழே இன்னும் அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது, ஒரு பெயர் எழுதப் போதுமான இடம், பதினோரு பெயர் எழுதவும் போதுமான இடம். பேனா கையில் இருந்தது. எனக்குத் தெரிந்தது நாற்பத்தேழு என்ற எண் மட்டும்தான்.